ஊர்வேலையும் ஊர்க்கதையும்: வாசகர் கேள்வி – பதில்

விவசாயத்தை நம்பியிருக்கும் சிற்றூர்களில் தன்னார்வமாக ஊர்வேலை பார்ப்பவர்களும், ஊர் வரலாற்றைத் திரட்டத் தொடங்கியிருப்பவர்களும் கேட்ட கேள்விகள் இந்த இதழில். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம்.

எங்கள் குழுவில் ஒன்பது பேர். பாதிப் பேர் தூர்ந்துபோன குளத்தைச் சரிசெய்யலாம் என்கிறார்கள். மீதிப் பேர் ஊர் வரலாற்றைப் புத்தகமாக்கலாம் என்கிறார்கள். எதை முதலில் எடுப்பது?

குளத்தை எடுங்கள், வரலாறு கூடவே வரும். தண்ணீர் எந்த வழியாகக் குளத்துக்கு வந்தது, மிகுந்தது எங்கே வடிந்தது, கரை முன்பு எந்த இடத்தில் உடைந்தது, யார் காவல் பார்த்தார்கள் என்று தெரியாமல் மண்ணை மட்டும் அள்ளினால் குளம் ஆழமாகும், நிறையாது. வரத்து வாய்க்கால் எங்கேயோ அடைபட்டிருக்கும். ஆழப்படுத்துகிற வேகத்தில் அடியிலிருக்கும் களிமண் படிவத்தையும் வெட்டி எடுத்துவிட்டால் நிறைந்த தண்ணீரும் கீழே இறங்கிவிடும். இந்த விவரமெல்லாம் வயதானவர்கள் நினைவில்தான் இருக்கிறது.

அதைக் கேட்க நல்ல வழி, தரையில் வரைபடம் போடுவது. நான்கைந்து மீட்டர் அகலத்தில் திறந்த இடம், குச்சி, கல், இலை, சுண்ணாம்புத்தூள் போதும். நிஜத் திசையோடு படத்தின் திசையும் ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதிப் பேர் தலையைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். பெரிய சாலையையும் ஓடையையும் முதலில் போட்டுவிட்டு, குச்சியை ஊர்க்காரர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்குங்கள். 1980களின் பிற்பகுதியில் 'பங்கேற்பு ஊரக மதிப்பீடு' என்ற பெயரில் பரவிய முறை இது. அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவரான ராபர்ட் சேம்பர்ஸ் வலியுறுத்தியதும் இந்தக் குச்சி கைமாறுவதைத்தான். படித்த இளைஞர் கையில் பேனா இருக்கும்வரை மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

நிலம் வைத்திருப்பவர்கள், கூலிவேலை செய்தவர்கள், பெண்கள் என்று தனித்தனியாக மூன்று படம் போடச் சொல்லுங்கள். மூன்றும் ஒன்றுபோல இருக்காது. தண்ணீர் சுமந்தவர்களுக்குத் தெரிந்த ஒற்றையடிப் பாதை நிலக்காரர் படத்தில் வராது. வயல்களின் பெயர்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நிலம் கைமாறும்போதும் பிரியும்போதும் முதலில் அழிவது அவைதான். கலைவதற்கு முன்பே படத்தைத் தாளில் நகலெடுத்து, உயரத்திலிருந்து புகைப்படமும் எடுத்து, தேதியையும் வரைந்தவர்கள் பெயரையும் எழுதிவிடுங்கள். 'நாளைக்கு வந்து எழுதிக்கலாம்' என்று விட்ட படத்தை ராத்திரியே ஆடு மிதித்துவிடும்.

பெரியவர்களிடம் பேட்டி எடுக்கப்போகிறோம். செல்போன் பதிவு போதுமா? என்ன கேட்பது?

போதும். ஆனால் போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு நின்றுவிடும், பேசி முடித்த பிறகுதான் தெரியவரும். ஒலியைச் சுருக்கும் எம்பி3 வேண்டாம், சுருக்காத 'வேவ்' (WAV) கோப்பாகப் பதியுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற தர அளவில் ஒற்றைத் தடத்துக்கு (மோனோ) மணிக்குச் சுமார் 520 மெகாபைட் ஆகும், இரட்டைத் தடம் (ஸ்டீரியோ) என்றால் ஒரு ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். போனில் அவ்வளவு இடம் காலியாக இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

சட்டையில் குத்தும் சிறிய மைக் கிடைத்தால் வாயிலிருந்து ஒரு சாண் கீழே மாட்டுங்கள். போன் மட்டும்தான் என்றால் பேசுபவருக்கு 30 சென்டிமீட்டர் தூரத்துக்குள், மடித்த துணியின்மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம் இடி மாதிரி விழும். மின்விசிறியையும் குளிர்பெட்டியையும் அணைத்துவிடுங்கள். நம் காது அந்த இரைச்சலைப் பழகி ஒதுக்கிவிடும், மைக்குக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அரை நிமிடம் பதிந்து, காதணிபேசியில் கேட்டுப் பார்த்த பிறகே தொடங்குங்கள். முதல் குரல் உங்களுடையதாக இருக்கட்டும்: தேதி, இடம், பேசுபவர் யார், கேட்பவர் யார். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் இந்த நாலு வரி காப்பாற்றும்.

கேள்விப் பட்டியலை நீட்டி வைத்துக்கொண்டு போகாதீர்கள். 'அந்தக் காலத்தில் விவசாயம் எப்படி இருந்தது?' என்று கேட்டால் 'நல்லா இருந்துச்சு' என்பதோடு முடிந்துவிடும். 'அறுவடை நாளில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், முதல் வேலை என்ன, கூலியை யார் அளந்தார்கள், எதால் அளந்தார்கள்?' என்று கேளுங்கள். பதில் நின்றதும் அடுத்த கேள்விக்குத் தாவ வேண்டாம். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். முக்கியமானது பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும்.

ஆண்டைக் கேட்டால் பலர் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். அங்கேயே திருத்தவேண்டாம். 'அப்போது உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? மூத்த பிள்ளை நடந்ததா, இடுப்பில் இருந்ததா? ஊருக்கு மின்சாரம் வந்துவிட்டதா?' என்று கேட்டு வையுங்கள். பிள்ளையின் பிறந்த ஆண்டும் மின்சாரம் வந்த ஆண்டும் ஆவணத்தில் கிடைக்கும்; அவற்றுக்கு நடுவே சம்பவத்தைப் பொருத்திக்கொள்ளலாம். கண்ணால் பார்த்ததா, தகப்பனார் சொல்லக் கேட்டதா என்பதையும் ஒவ்வொரு முறையும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் எடை வேறு.

ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகவேண்டாம். நாலைந்து பேரைச் சேர்த்து உட்காரவைப்பதும் வேண்டாம். குரல் பெரியவருக்கு மற்றவர்கள் தலையாட்டுவார்கள், அது ஐந்து சாட்சியம் ஆகாது.

பேசி முடித்ததும் சம்மதத் தாள். பதிவை யார் கேட்கலாம், இணையத்தில் போடலாமா, பெயரைச் சொல்லலாமா, எந்தப் பகுதியை இத்தனை வருஷம் வெளியிடக்கூடாது என்று தனித்தனிக் கட்டங்களாக வையுங்கள். பேசுவதற்கு முன்னால் வாங்கினால் என்ன பேசப்போகிறோம் என்று தெரியாமல் கையெழுத்துப் போடுவார்கள். முன்னால் வாய்மொழிச் சம்மதம், பின்னால் கையெழுத்து. ஒரு நகல் அந்தக் குடும்பத்துக்குப் போய்ச் சேரவேண்டும்.

பதினெட்டுப் பேட்டி எடுத்துவிட்டோம். எழுத்தில் கொண்டுவர ஆள் இல்லை.

ஒரு மணி நேரப் பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுத ஆறேழு மணி நேரம் ஆகும். வட்டாரப் பேச்சும் பல்லில்லாத வாயும் சேர்ந்தால் இன்னும் கூடும். பதினெட்டையும் எழுத முயன்றால் குழு அதோடு படுத்துவிடும். அதற்குப் பதில் நேரக்குறிப்பு எழுதுங்கள்: மூன்று நிமிடத்துக்கு ஒரு வரி. '00:12 – ஆலை மூடிய வருஷம், கூலி பாக்கி. 00:15 – வெள்ளம், மாடு அடித்துப்போனது.' ஒரு பேட்டிக்கு இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், தேடுவதற்கும் இதுவே உதவும். தேவைப்படும் பகுதியை மட்டும் பிறகு முழுதாக எழுதிக்கொள்ளலாம். இனி புதுப் பேட்டி எடுக்கும்போது, முந்தினதன் குறிப்பு முடியாமல் அடுத்ததற்குப் போவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்.

வீடுவீடாகப் பழைய புகைப்படங்கள் சேகரிக்கிறோம். சில ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கின்றன, சில கண்ணாடியோடு ஒட்டிவிட்டன. என்ன செய்வது?

கண்ணாடியோடு ஒட்டியதைப் பிரிக்கவே கூடாது. படத்தின் மேற்பரப்பில் இருக்கும் ஜெலட்டின் ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கிறது; இழுத்தால் முகம் கண்ணாடியில் தங்கி, தாள் மட்டும் கையில் வரும். சட்டத்தைக் கழற்றிவிட்டு, கண்ணாடியைத் துடைத்து, அதோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

பசை தடவிய பக்கமும் மேலே பிளாஸ்டிக் தாளும் கொண்ட ஆல்பம் என்றால், மெழுகு பூசாத பல்லிடுக்கு நூலை ஒரு மூலையில் நுழைத்து, படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே அறுப்பதுபோல மெல்ல இழுங்கள். வராவிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். வெந்நீர் ஆவி காட்டுவது, முடி உலர்த்தியால் சூடேற்றுவது எல்லாம் படத்தைக் கெடுக்கும் வேலை.

அளவு: நாலுக்கு ஆறு அங்குலப் படத்துக்கு 600 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு) போதும்; 2400க்கு 3600 புள்ளி வரும், பெரிதாக அச்சிடத் தாங்கும். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200. 35 மில்லிமீட்டர் நெகட்டிவ் என்றால் 3000க்குக் குறையக்கூடாது. கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணமாகவே ஸ்கேன் செய்யுங்கள். பழுப்பேறியதும் கறை பட்டதும் ஒரு தகவல். மூலக் கோப்பு, படத்தின் தரம் குறையாத 'டிஃப்' (TIFF) வடிவில் இருக்கட்டும். கீறலை அழிப்பது, வெளுப்பாக்குவது எல்லாம் நகலில் மட்டும். பின்பக்கத்தையும் மறக்காமல் ஸ்கேன் செய்யவேண்டும். ஸ்டுடியோ முத்திரையும் கைப்பட எழுதிய நாலு எழுத்தும் பல நேரம் முன்பக்கத்தைவிட அதிகம் சொல்லும். நெகட்டிவ் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் படலம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அது பக்கத்தில் இருக்கும் படலங்களையும் கெடுக்கும். பிரித்து வைத்து, முதலில் அதையே ஸ்கேன் செய்யுங்கள்.

எங்கள் கட்டாய விதி ஒன்று உண்டு: மூலப்படத்தை வீட்டைவிட்டு எடுத்துப்போகாதீர்கள். ஸ்கேனரையும் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு போய், வாசலில் உட்கார்ந்து வேலையை முடித்து, அங்கேயே திருப்பிக் கொடுங்கள். ஒரே ஒரு படம் தொலைந்தாலும் அடுத்த தெருவில் கதவு திறக்காது.

யார் யார் என்று எழுதுவதுதான் பெரிய வேலை. 'இடமிருந்து வலம்' முறை மூன்று வரிசைக் கூட்டப் படத்தில் குழம்பிவிடும். ஒளி ஊடுருவும் தாளைப் படத்தின் அச்சுநகல்மேல் வைத்துத் தலைகளின் விளிம்பை மட்டும் வரைந்து எண் போடுங்கள். எண்ணுக்கு எதிரே பெயர், சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார். இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். மூலப்படத்தின் பின்னால் பந்துமுனைப் பேனாவால் எழுதினால் அழுத்தம் முன்பக்கம் தெரியும், மை அடுத்த படத்தில் ஒட்டும். உறையின்மேல் பென்சிலால் எழுதி, பிறகு படத்தை உள்ளே வையுங்கள்.

வெளியூரில் இருப்பவர்களிடம் படங்களை வாட்ஸ்அப்பில் வாங்கலாமா?

'ஆவணம்' என்று இணைத்து அனுப்பச் சொன்னால் வாங்கலாம். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதி முதலிய உட்குறிப்புகளும் போய்விடும். அவர்கள் படத்தைப் போனில் எடுத்து அனுப்புவதாக இருந்தால் சன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், படத்துக்கு நேர் மேலே பிடித்து எடுக்கச் சொல்லுங்கள்.

மூடிக்கிடக்கும் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் பழைய கணக்கேடுகள் கிடக்கின்றன. பூச்சி அரித்தும் நனைந்தும் இருக்கின்றன. காப்பாற்ற முடியுமா?

முதலில் பொறுப்பில் இருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாங்கியதும், எது எந்த அலமாரியில், எந்த வரிசையில் இருந்தது என்று ஒரு படம் எடுத்துவிட்டே தொடுங்கள். அந்த வரிசையும் ஒரு சான்று.

நனைந்தவற்றில் இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். வெயிலில் காயவைக்கக் கூடாது. தாள் சுருண்டு உடையும். நிழலில் நிற்கவைத்து, பக்கங்களுக்கு இடையே உறிஞ்சுதாள் வைத்து அடிக்கடி மாற்றுங்கள். மின்விசிறி அறைக்காற்றை நகர்த்தட்டும், ஏட்டின்மேல் நேராக அடிக்கவேண்டாம். ஒரே நாளில் கையாள முடியாத அளவுக்கு இருந்தால், பிளாஸ்டிக் பையில் போட்டு உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) வைத்துவிடுங்கள். பூஞ்சை அப்படியே நின்றுவிடும், ஒவ்வொன்றாக எடுத்துக் காயவைக்கலாம்.

பூச்சிக்கும் அதே உறைபெட்டிதான் மருந்து. காய்ந்த ஏட்டைப் பையில் இட்டுக் காற்றை வெளியேற்றி இறுக்கி மூடி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம். வீட்டு உறைபெட்டி அவ்வளவு குளிராது என்றால் இரண்டு வாரம். வெளியே எடுத்த பிறகு முழுதாக ஒரு நாள் பையைத் திறக்காதீர்கள். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் முத்துமுத்தாகப் படியும். பாச்சை உருண்டையும் பூச்சிமருந்தும் வேண்டாம், தாளுக்கும் ஆகாது, படிப்பவர் நெஞ்சுக்கும் ஆகாது. கிழிசலில் செலோடேப் ஒட்டுபவரைக் கண்டால் ரோலைப் பிடுங்கி வையுங்கள். சில வருஷத்தில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும், எடுக்கவே முடியாது.

நகலுக்குத் தட்டை ஸ்கேனரில் வைத்து அமுக்கினால் முதுகு பிளந்துவிடும். இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு, மேலே முக்காலியில் கேமரா, ஏட்டின் கீழே 'வி' வடிவத்தில் தலையணை. கடன் பாக்கியும் பள்ளி மதிப்பெண்ணும் உள்ள பக்கங்களை அப்படியே காட்சிக்கு வைக்காதீர்கள். யாரோ ஒருவருடைய தாத்தா கட்டாத கடன் இன்றைக்கும் ஊரில் வாய்ச்சண்டையாகும்.

கல்லில் எழுத்து மங்கிவிட்டது. சாக்பீஸ் தேய்த்துப் படிக்கலாமா?

வேண்டாம். சுண்ணத்தூள், மாவு, எண்ணெய், அமிலம், கம்பித்தூரிகை எதுவும் கூடாது. இருட்டிய பிறகு போங்கள். பளிச்சென்ற டார்ச்சைக் கல்லின் பரப்பை உரசுகிற மாதிரி பக்கவாட்டில் பிடித்தால் எழுத்துப் பள்ளத்தில் நிழல் விழும், பகலில் தெரியாத வரி தெரியும். கேமராவை அசைக்காமல் வைத்து, விளக்கை மட்டும் நான்கு பக்கமும் மாற்றி நான்கு படம். பகலில்தான் முடியும் என்றால் நிழலிலுள்ள கல்லுக்குக் கண்ணாடியால் வெயிலைச் சாய்வாகத் திருப்புங்கள்.

ஊர் எப்படி உண்டானது என்பதற்கு இரண்டு தரப்பு இரண்டு கதை சொல்கிறது. பலகை வைக்கப்போகிறோம். எதைப் போடுவது?

இரண்டையும், யார் சொல்கிறார்கள் என்பதோடு. சான்று இருப்பதை 'இருந்தது' என்றும், இல்லாததை 'என்று சொல்கிறார்கள்' என்றும் எழுதினால் இரு தரப்பும் முணுமுணுக்கும், ஆனால் பலகை நிற்கும். ஆவணத்திலும் ஒரு கண் வேண்டும்: வரிக்கணக்கு வரி கட்டியவரைத்தான் எழுதும், வாய்க்கால் வெட்டியவரை எழுதாது. அணை கட்டியவர் பெயர் போடுகிற இடத்தில் மண் சுமந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று ஒரு வரியாவது வரட்டும்.

பலகையில் எழுபது சொல்லுக்கு மேல் எழுதினால் யாரும் நின்று படிக்கமாட்டார்கள். ஒரு மீட்டர் தூரத்தில் நின்று படிக்க எழுத்தின் அளவு 24 பாயிண்டுக்குக் குறையக்கூடாது. கல்லில் வெட்டுவதற்கு முன் அதே அளவில் தாளில் அச்சடித்து ஒரு மாதம் ஒட்டி வையுங்கள். பெயரில் பிழை இருந்தால் அந்த ஒரு மாதத்தில் கட்டாயம் யாராவது வந்து சண்டை போடுவார்கள். தாளில் திருத்துவது சுலபம்.

கலப்பை, நெல் அளக்கும் மரக்கால், வண்டிச் சக்கரம் என்று ஓர் அறை நிறையச் சேர்ந்துவிட்டது. அருங்காட்சியகம் தொடங்கலாமா?

எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற வழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். ஆறு கலப்பை இருந்தால் ஐந்தும் பூச்சிக்குத் தீனி. எது உங்கள் ஊரில் பயன்பட்டது, யார் பயன்படுத்தினார், எப்போது வரை என்ற மூன்றும் தெரியாத பொருள் வெறும் பழைய சாமான்.

வாங்கும்போதே தானமா, இரவலா என்று எழுதி வாங்குங்கள். இரவல் என்றால் முடியும் தேதி வேண்டும். இல்லாவிட்டால் கொடுத்தவர் போன பிறகு பேரன்மார் நாலு பேர் வந்து நிற்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆண்டும் வரிசை எண்ணும் சேர்ந்த எண், தாளில் ஒரு பதிவேடு, பொருளில் பருத்திநூலில் கட்டிய சீட்டு. மரத்துக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள், கை பட்டுப்பட்டுத் தேய்ந்த பளபளப்பு அதனடியில் மறைந்துவிடும். கீழே புதிதாக மாவு மாதிரித் தூள் விழுந்திருந்தால் உளுத்துப்பூச்சி உள்ளே வேலை செய்கிறது. அதை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.

அறைதான் வேண்டும் என்றும் இல்லை. 1971இல் பிரான்ஸில் அருங்காட்சியகவியலாளர் ஹியூக் தெ வரீன் 'சூழல் அருங்காட்சியகம்' என்று ஒரு சொல்லைப் புழக்கத்தில் விட்டார். பொருளைப் பெயர்த்து வந்து அடுக்காமல், ஊரையே அது இருக்கிறபடி காப்பதும் காட்டுவதும் அதன் எண்ணம். களமும் கிணறும் ஆலையும் அவை இருக்கிற இடத்தில் இருக்க, நீங்கள் பாதையும் பலகையும் வைத்தால் அதுவே பாதி வேலை. கலப்பையைப் பிடிக்கத் தெரிந்தவர் உயிரோடிருக்கும்போது, அவர் அதை நுகத்தில் பூட்டுவதைப் பத்து நிமிடம் வீடியோ எடுத்து வைப்பது, ஏழாவது கலப்பையைச் சேர்ப்பதைவிட மேல்.

முதல் கூட்டத்துக்கு முப்பது பேர் வந்தார்கள். இப்போது நாலு பேர்தான்.

நாட்காட்டியைப் பாருங்கள். விதைப்பிலும் அறுவடையிலும் கூட்டம் வைத்தால் வரமாட்டார்கள், அதைச் சோம்பல் என்று எண்ணவேண்டாம். அந்த மாதங்களில் ஒன்றும் வைக்காதீர்கள். 'குழுவில் சேருங்கள்' என்று அழைப்பதைவிட 'சனிக்கிழமை இரண்டு மணி நேரம், இந்த நாற்பது உறையில் எண் எழுதவேண்டும்' என்று அழையுங்கள். முடிவு தெரிந்த வேலைக்கு ஆள் வரும். சாவியும் கடவுச்சொல்லும் எப்போதும் இரண்டு பேரிடம் இருக்கட்டும். பணத்துக்கு இரண்டு கையெழுத்து, மாதாமாதம் வரவு செலவு பொதுச்சுவரில். முடிவெடுத்துவிட்டுக் கருத்துக் கேட்கும் பழக்கம் இருந்தால் அதுவும் ஆளைத் துரத்தும். அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தபோது, இந்தக் கருத்துக் கேட்பைப் பேருக்கு நடக்கும் பங்கேற்பில்தான் சேர்த்தார்.

எல்லாவற்றையும் ஒரு வன்தட்டில் போட்டு வைத்திருக்கிறோம். போதாதா?

போதாது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். வன்தட்டு விழாவிட்டாலும் ஐந்தாறு வருஷத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நிற்கக்கூடும். வருஷத்துக்கு ஒரு நாள் குறித்து, ஒவ்வொரு பிரதியிலும் பத்துக் கோப்பையாவது திறந்து கேட்டும் பார்த்தும், தேதியைப் பதிவேட்டில் எழுதுங்கள். பெயர்ப்பட்டியலை மட்டும் தாளிலும் அச்சடித்து வையுங்கள்.